அன்னாசி காப்ளர்: முதலில் பழத்தின் தண்ணீரை அடக்குங்கள்

காப்ளர் சோம்பேறிகளுக்கான பலகாரம். பழப் பை (pie) செய்ய மாவை மெல்லிசாகத் திரட்டி, கிழியாமல் தூக்கி, ஓரம் மடித்து என்று ஆயிரம் வேலை. காப்ளருக்கு அடியில் பழம், மேலே கரண்டியால் அள்ளி வைத்த மாவு, பிறகு ஓவன், அவ்வளவுதான். அமெரிக்காவில் குடியேறியவர்கள் சரியான ஓவன்கூட இல்லாமல், கனல் மேல் வைத்த இரும்புச் சட்டியில் செய்யத் தொடங்கிய பண்டம் இது. அங்கே பீச் பழம். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் விளைகளில் இளங்கன்றுகளுக்கு நடுவே அன்னாசி காய்க்கிற குமரி மாவட்டத்தில் பீச்சைத் தேடி அலைவானேன்?

ஆனால் அமெரிக்கச் செய்முறையில் பீச்சை எடுத்துவிட்டு அன்னாசியை அப்படியே போட்டால், மேலே பொன்னிறமாகச் சிவந்திருக்கும், கரண்டியை விட்டால் மாவின் அடி களியாக வரும். வீட்டு ஓடிஜி (மேசை மேல் வைக்கிற மின்சார ஓவன்) சின்னது. மேல் கம்பி மாவுக்கு நாலு விரற்கடை தூரத்தில் கனன்று கொண்டிருக்கும். பச்சைப் பழமும் அதன் சாறும் சூடாகிக் கொதிக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் மாவின் மேல்பக்கம் சிவந்துவிடுகிறது, அடிப்பக்கமோ இளஞ்சூட்டுச் சாற்றில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆகவே கீழே சொல்கிற முறையில் பழத்தை அடுப்பிலேயே கொதிக்கவைத்து, கெட்டியாக்கி, கொதிநிலையிலேயே தட்டில் ஊற்றி, அதன் மேல் மாவை வைக்கிறோம். மற்ற விஷயங்களில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை, இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

பழம் வாங்குவது

எல்லை தாண்டி எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளத்திலிருந்து வருவது பெரும்பாலும் மொரீஷியஸ் ரகம். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. சிறியது, நல்ல மஞ்சள், மணமுள்ளது, சதை இறுகியது. கியூ ரகம் பெரியது, வெளிர் மஞ்சள், சாறு அதிகம். காப்ளருக்கு மொரீஷியஸ்தான் நல்லது, வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். கியூ கிடைத்தால் செய்யலாம், சாறு வற்ற நாலைந்து நிமிடம் கூடுதலாகும்.

அன்னாசி பறித்த பிறகு நிறம் மாறும், மணம் ஏறும், இனிப்பு மட்டும் ஏறாது. பச்சையாக வாங்கி அரிசிப் பானையில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்ற கணக்கு இதில் செல்லாது. அடியை மோந்து பாருங்கள்: மணம் வர வேண்டும், புளித்த வாடை வரக்கூடாது. கொண்டையின் இலையை இழுத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம்.

சாமான்கள்

8 அங்குலச் சதுரத் தட்டு, அல்லது ஒன்றரை லிட்டர் பிடிக்கிற ஆழமான கண்ணாடிப் பாத்திரம். 6 பேருக்கு வரும். வெறும் அலுமினியத் தட்டு வேண்டாம். அன்னாசியின் புளிப்பு அதில் பட்டால் உலோக ருசி ஏறும். அதுதான் இருக்கிறது என்றால் பட்டர் பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள்.

பழத்துக்கு:
அன்னாசி, தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கியது 700 கிராம் (கொண்டையோடு ஒன்றரைக் கிலோ எடையுள்ள பழம் ஒன்று)
சீனி 90 கிராம்
கார்ன்ஃபிளவர் 20 கிராம், அல்லது பொடித்த ஜவ்வரிசி 20 கிராம்
வெண்ணெய் 15 கிராம்
கிராம்பு 2, சுக்குப்பொடி கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை

மேல்மாவுக்கு:
மைதா 180 கிராம்
சீனி 40 கிராம்
பேக்கிங் பவுடர் 8 கிராம் (2 டீஸ்பூன்)
சமையல் சோடா கால் டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்
உறைந்த வெண்ணெய் 75 கிராம்
கெட்டித் தயிர் 90 கிராம், குளிர்ந்த பால் 50 மி.லி.
உடைத்த அண்டிப்பருப்பு (முந்திரி) 25 கிராம், மேலே தூவச் சீனி 1 டேபிள்ஸ்பூன்

100 கிராம் வெண்ணெய்ப் பாக்கெட் ஒன்று போதும்: மாவுக்கு 75, பழத்துக்கு 15, மிச்சம் 10 தட்டில் தடவ. ரொட்டிக்குத் தடவுகிற மஞ்சள் வெண்ணெய் என்றால் அதிலேயே உப்பு உண்டு. மாவில் போடும் உப்பைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். சோடா தயிரின் புளிப்பை ஈடுகட்டத்தான். அளவு தாண்டினால் மாவில் மஞ்சள் புள்ளி விழும், வாயில் சோப்பு ருசி நிற்கும். கை அளவில் போடாமல், டீஸ்பூனைத் தலைதட்டி அளந்து போடுங்கள்.

ஜவ்வரிசி நம் மரச்சீனிக் கிழங்கின் (மரவள்ளியின்) மாவுச்சத்துதான். அமெரிக்காவிலும் பழப் பைகளைக் கெட்டியாக்க நெடுங்காலமாக இதைப் போடுகிறார்கள். மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலிக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் வழுவழுப்பான மணிகள் தட்டும். கார்ன்ஃபிளவரில் சாறு சற்று மங்கலாக இருக்கும், ஜவ்வரிசியில் கண்ணாடி போல மின்னும். மரச்சீனியை வெட்டி உலர்த்தி அரைத்த மாவு வேறு. அதில் நாரும் சேர்ந்திருப்பதால் சாறு கொரகொரப்பாகும். கூவை மாவு (ஆரோரூட்) பழக்கூழுக்கு அருமையான சாமான், ஆனால் நெடுநேரம் கொதித்தால் இளகிவிடும். ஓவனில் அரை மணி நேரம் கொதிக்கப் போகிற இந்தப் பண்டத்துக்கு அது ஆகாது.

வேலையின் வரிசை

முதலில் மைதா, 40 கிராம் சீனி, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு ஐந்தையும் சலித்து, கிண்ணத்தோடு ஃப்ரீசரில் வையுங்கள். வெண்ணெய் முந்தின நாளே ஃப்ரீசரில் இருக்கட்டும். தயிரையும் பாலையும் கலக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓடிஜியை, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிகிற நிலையில், 200 டிகிரி செல்சியஸில் போடுங்கள். அது சூடேறும் 15 நிமிடத்தில் பழ வேலை முடிந்துவிடும்.

பழத்தை அடுப்பில் வைப்பது

அன்னாசியைச் சுண்டுவிரல் பருமனில், சுமார் 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். இதைவிடச் சிறிதாக நறுக்கினால் ஜாம் ஆகிவிடும்.

அகலமான ஸ்டீல் கடாயில் பழம், 60 கிராம் சீனி, சிட்டிகை உப்பு. தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். நடுத்தரத் தீயில் 4, 5 நிமிடத்தில் பழமே சாறு விட்டு மிதக்கத் தொடங்கும். அதிலிருந்து இன்னும் 6 முதல் 8 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். சாறு பாதியாக வற்றி, கடாயைச் சாய்த்தால் ஒரு சிறு டம்ளர் அளவு ஓரமாய்ச் சேரும். துண்டுகள் பச்சை வெளிர்ப்பு மாறிக் கண்ணாடிப் பதத்தில் இருக்கும்.

இந்தக் கொதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சை அன்னாசியில் ப்ரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதில் அதற்கும் பங்குண்டு. பால், தயிரில் உள்ள புரதத்தை அது உடைக்கும், அப்போது கசப்பு வரும். பச்சை அன்னாசி போட்ட மில்க் ஷேக்கை அரைமணி நேரம் வைத்துக் குடித்தவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். கொதிக்கவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். தயிர் சேர்த்த மாவு மேலே உட்காரப் போகிறது, பரிமாறும்போது ஐஸ்கிரீமும் வரும். ஆகவே இந்தக் கொதியைக் குறைக்காதீர்கள்.

மிச்சம் 30 கிராம் சீனியோடு கார்ன்ஃபிளவரை உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள். சீனி நடுவில் புகுந்துகொள்வதால் கட்டி விழாது. அதில் 3 டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பழத்தைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். (ஜவ்வரிசிப் பொடி என்றால் சீனியோடு 4 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் முன்பே ஊறட்டும்.) ஊற்றியதும் சாறு பால் போல மங்கும். கொதி மீண்டும் வந்து, குமிழிகள் பொத் பொத்தென்று வெடிக்கும்போது மங்கல் தெளிந்து பளபளக்கும். அதிலிருந்து ஒரு நிமிடம். மங்கலாக இருக்கும்போதே இறக்கினால் பச்சை மாவு வாடை நிற்கும், ஆறினாலும் கெட்டிப்படாது. அதற்காக அடுப்பிலேயே விட்டுவிடவும் கூடாது. புளிப்புச் சாற்றில் நெடுநேரம் கொதித்தால் மாவுச்சத்து உடைந்து மறுபடி நீர்த்துப்போகும்.

பதம்: பாயசத்தைவிடக் கெட்டி, ஜாமைவிட இளக்கம். கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது ஒரு நொடி நின்று பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அடுப்பை அணைத்து 15 கிராம் வெண்ணெய், பொடித்த கிராம்பு, சுக்குப்பொடி சேருங்கள். புவிசார் குறியீடு வாங்கிய குமரிக் கிராம்பு கைவசம் இருந்தால் இரண்டே போதும். மூன்றாவது போட்டால் பல் வைத்தியர் அறை வாசம்.

வெண்ணெய் தடவிய தட்டில் பழத்தை ஊற்றி அப்படியே ஓவனுக்குள் வைத்துவிடுங்கள். மாவு பிசையும் 8 நிமிடமும் அது உள்ளே கொதிநிலையில் இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஈரமான கருங்கல் மேடையில் வைத்துச் சூடாக ஊற்றாதீர்கள், விரிசல் விடும். காய்ந்த துணியோ பலகையோ அடியில் இருக்கட்டும்.

மாவு

பரோட்டாவுக்கு மாவை அடித்து, ஊறவைத்து, மறுபடி அடிக்கிறோம். இழுத்தால் இழுபட வேண்டும் என்பது அங்கே நோக்கம். இங்கே நேர்மாறு. எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு மிருது. 12 முதல் 15 சுற்றுக்கு மேல் கிளறினால் அது பரோட்டா வழிக்குப் போய்விடும். வெந்ததும் ரப்பர்ப்பால் ஷீட்டைக் கடித்த மாதிரி இருக்கும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த வெண்ணெயைக் காரட் துருவியில் துருவி, குளிர்ந்த மாவின் மேல் உதிர்த்து, விரல் நுனியால் தேய்த்து விடுங்கள். உள்ளங்கை படக்கூடாது. உளுந்து அளவிலும் பட்டாணி அளவிலும் வெண்ணெய்த் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓவனில் இந்தத் துணுக்குகள் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகும்போதுதான் மாவு பொரபொரப்பாக உப்பும். ஏப்ரல் மாதத்து அடுக்களை 32 டிகிரியைத் தாண்டினால், வெளியே வைத்த வெண்ணெய் ஐந்து நிமிடத்தில் எண்ணெயாக இளகிவிடும். பிறகு மாவு உப்பாது, வழிந்து பரவும். இடையில் வெண்ணெய் இளகுவதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் கிண்ணத்தை 10 நிமிடம் ஃப்ரீசருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

தயிர், பால் கலவையில் ஒரு டேபிள்ஸ்பூனை நிறுத்திவைத்து, மிச்சத்தை ஊற்றி முள்கரண்டியால் கிளறுங்கள். அங்கங்கே உலர்மாவு ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும். உழுந்த வடை மாவைவிடச் சற்றுக் கெட்டி: கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக்கூடாது, உதறினால் பொத்தென்று விழ வேண்டும். உதறியும் விழவில்லை என்றால் நிறுத்திவைத்ததை ஊற்றுங்கள். ஈரம் பட்ட கணமே சோடாவும் பேக்கிங் பவுடரும் வேலையைத் தொடங்கிவிடும். இனி 10 நிமிடத்துக்குள் மாவு ஓவனுக்குள் போயாக வேண்டும், நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

ஓவனிலிருந்து தட்டை எடுங்கள், ஓரத்தில் குமிழி வந்துகொண்டிருக்கும். அதன் மேல் மாவை 9 உருண்டைகளாக, மூன்று வரிசையாக, குழிக்கரண்டியால் வையுங்கள். ஒவ்வொன்றும் 45 முதல் 50 கிராம் வரும். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கட்டாயம். பழத்தின் ஆவி வெளியேறுவது அந்த வழியாகத்தான். அழகாக இருக்கட்டும் என்று மாவை முழுவதும் பரப்பி மூடினால், அடைபட்ட ஆவி மாவின் அடியை அவித்துக் களியாக்கும். மேலே மேடு பள்ளமாக இருக்கட்டும், தடவிச் சமன் செய்ய வேண்டாம். மேடுகள்தான் மொறுமொறுப்பாகச் சிவக்கும். சீனியைத் தூவுங்கள். அண்டிப்பருப்பு இப்போது வேண்டாம், கருகிவிடும்.

ஓவனில்

தட்டு நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். அடியில் ஒரு பழைய தட்டை வைத்தால் பொங்கி வழியும் பாகு கம்பியில் விழாது. 200 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 180க்குக் குறைத்து 22 முதல் 25 நிமிடம். குறைக்கிற நேரத்திலிருந்து 5 நிமிடம் கழித்து அண்டிப்பருப்பைத் தூவிவிடுங்கள். முதல் 15 நிமிடத்தில் கதவைத் திறக்காதீர்கள் என்பது பொது விதி. கரண்டு போனால் அது இரு மடங்கு பொருந்தும். மூடியே இருந்தால் உள்ளே இருக்கிற சூட்டில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

ஓடிஜியின் திருகில் போட்ட எண்ணும் உள்ளிருக்கும் சூடும் 10, 20 டிகிரி வித்தியாசப்படுவது சாதாரணம். அடிக்கடி பேக் செய்கிறவர்கள் உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் 10 நிமிடம் கூடுதலாகவே எடுக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடு உருண்டையின் பக்கவாட்டில் ஒரு குச்சியை, பழத்தைத் தொடாமல், மாவுக்குள் மட்டும் செருகி எடுங்கள். ஈர மாவு ஒட்டக்கூடாது. சந்தேகம் தீரவில்லையென்றால் அதே உருண்டையை ஸ்பூனால் நெம்பி அடியைப் பாருங்கள்: பழத்தைத் தொடும் மெல்லிய ஒரு படலம் பாகில் ஊறியிருக்கலாம், அது ருசி. அதற்கு மேலே பஞ்சு போல் துளைகள் தெரிய வேண்டும். வழவழவென்று துளையே இல்லாமல் இருந்தால் வேகவில்லை. மேலே சிவந்து அடி வேகாமல் இருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, மேல் கம்பியை அணைத்து, இன்னும் 8 நிமிடம் விடுங்கள்.

வெளியே எடுத்ததும் பழம் தண்ணீராகத்தான் தெரியும். பயந்து மறுபடி உள்ளே வைக்க வேண்டாம். மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும். 25, 30 நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில் பரிமாறுங்கள். வெனிலா ஐஸ்கிரீம் வழக்கம். கெட்டியான தேங்காய் முதல்பால், சிட்டிகை உப்பு போட்டுக் குளிரவைத்தது, அதைவிட நன்றாயிருக்கும் என்பது எங்கள் கட்சி.

ஓவன் இல்லாத வீட்டில்

அடி கனத்த பெரிய அலுமினியப் பானை, உள்ளே ஸ்டாண்டு, இறுக்கமான மூடி. வெறும் பானையை மூடி 10 நிமிடம் நடுத்தரத் தீயில் சூடேற்றி, மேலே சொன்னபடி கொதிக்கும் பழத்தோடும் மாவோடும் தட்டை இறக்கி, தீயைக் குறைத்து 40 முதல் 45 நிமிடம். மூடியில் சேரும் ஆவி மாவின் மேல் சொட்டாமல் இருக்க, மூடிக்கு ஒரு துணி கட்டி முனைகளை மேலே முடிந்துவிடுங்கள். மாவு வேகும், உப்பும், ஆனால் சிவக்காது. மேல் சூடு இல்லாமல் சிவக்க வழியில்லை.

அதற்கும் ஒரு வழி உண்டு: சிரட்டைக் கனல். தலச்சேரி பிரியாணிக்கு மூடிமேல் கனல் போடுகிற அதே வேலை. முற்றத்தில் செய்யுங்கள், துணியைக் கழற்றிவிடுங்கள். மொத்தக் கனலில் மூன்றில் ஒரு பங்கு அடியில், இரண்டு பங்கு மூடியின் மேல். சிரட்டைக் கனல் சூடு அதிகம், 20 நிமிடத்தில் ஒருமுறை மூடியை நேராகத் தூக்கிப் பாருங்கள். சாய்த்தால் சாம்பல் உள்ளே விழும். பிரஷர் குக்கரில் செய்வதாக இருந்தால் காஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றியாக வேண்டும்.

வேறு பழம் போட்டால்

மாம்பழம்: பழுத்துக் குழையாத, சற்று இறுக்கமான பழம் 700 கிராம் சதை. செங்கவருக்கை, நீலம் மணத்துக்கு. கிளிமூக்கு துண்டு நிற்க. பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டும் கிடைக்கும். சீனி 50 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், அடுப்பில் சாறு விட்டபின் 3 நிமிடமே போதும்.

ஏத்தன் (நேந்திரம்) பழத்தில் பிரச்சினை தலைகீழ், அதில் தண்ணீர் போதாது. தோலில் கரும்புள்ளி விழுந்த பழம், உரித்தது 500 கிராம். 80 கிராம் கருப்பட்டியை 150 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, துண்டுகளைப் போட்டு 4 நிமிடம். கார்ன்ஃபிளவர் பாதி அளவு. சுக்கும் ஏலக்காயும்.

வருக்கைச் சக்கையில் (கெட்டிச் சுளைப் பலாவில்) கொட்டை நீக்கிய சுளை 600 கிராம், நீளவாக்கில் கீறி, 120 மி.லி. தேங்காய்ப்பாலும் 40 கிராம் சீனியும் சேர்த்துக் கொதிக்கவையுங்கள். அன்னாசியோடு தேங்காய்ப்பாலைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் புளிப்பில் திரிந்துபோகும், சக்கைக்கு அந்தத் தொல்லை இல்லை. கூழஞ்சக்கை (குழைந்த சுளைப் பலா) கரைந்துவிடும், அதைச் சக்கை வரட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மட்டி வாழைப்பழத்தைக் கொண்டுபோய் ஓவனில் வைப்பது பாவம். அது உரித்து அப்படியே தின்ன வேண்டிய பழம்.

மீந்தால்

சூட்டோடு மூடாதீர்கள், ஆவி திரும்பி மாவு நமுத்துவிடும். இடவப்பாதி மழைக்காலத்து ஈரக்காற்றில் மூடாமல் வைத்தாலும் 3, 4 மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும், அது யார் குற்றமும் இல்லை. ஃப்ரிட்ஜில் 2 நாள் தாங்கும். மறுநாள் சூடாக்க ஓடிஜியில் 160 டிகிரி, 12 நிமிடம். மைக்ரோவேவில் சூடாக்கினால் மாவு சவுக்கென்று ஆகிவிடும்.